கால்சியம் குளோரைடு சுட்ட நாக்கு

மே 6, செவ்வாய்

இன்று முதலாளி குணசேகர அண்ணாச்சி, கெமிக்கல் கம்பெனி விற்பனையாளர், ஃபிட்டர் பிச்சையா, மூட்டை இறக்க வந்த நாலு பேர் ஆகியோர் முன்னிலையில் என் நாக்கை நானே அவித்துக்கொண்டேன்.

நான் தூத்துக்குடி ஐஸ் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டர். இது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது, ஐஸ் கேட்க நாதியில்லை. அதனால் மிஷினை நிறுத்தித் தொட்டியைக் கழுவும் வேலை நடக்கிறது. எங்கள் ஐஸ் பாளம் தகரக் கேன்களில் உறையும். அந்தக் கேன்கள் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு நிற்கும். உப்புத் தண்ணீர் உறையாமல் குளிரும், கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் உறையும். இதுவரை ஊர்க் கல்லுப்புதான் போட்டோம். இந்த வருசம் அண்ணாச்சி கால்சியம் குளோரைடு வாங்கியிருக்கிறார். கேரளாவில் யாரோ சொன்னார்களாம்.

தொட்டியில் உப்பு போதுமா என்று பார்க்க எங்களிடம் ஒரு கண்ணாடிக் கருவி உண்டு. அது பெட்டியிலேயே இருக்கும். நான்தான் கருவி. விரலைத் தொட்டியில் முக்கி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "இன்னும் நாலு மூட்டை" என்பேன். என் நாக்கைப் பற்றி அண்ணாச்சிக்கே ஒரு மரியாதை உண்டு. அந்தக் கர்வத்தில்தான் இன்று மூட்டையைக் கிழித்து, வெள்ளைச் சில்லு ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க நாக்கில் வைத்தேன். விற்பனையாளர் "சார், சார்" என்று கையை நீட்டி வருவது தெரிந்தது. பாராட்ட வருகிறார் என்று நினைத்தேன்.

சில்லு நாக்கில் ஒட்டிக்கொண்டு கொதித்தது. அணைக்கலாம் என்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். அது இன்னும் கொதித்தது.

டாக்டர் களிம்பு கொடுத்தார். சூடு, காரம் கூடாது, ஒரு வாரம் போலப் பேச வேண்டாம் என்றார். இதைக் கேட்டு என் மனைவி ரோசலின் முகத்தில் வந்த வெளிச்சம் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் எழுதிக் காட்டுங்கள் என்று மகள் டெல்பின் இந்த டைரியைக் கொடுத்தாள். வலைக்கடைக்காரர் புதுவருசத்துக்குக் கொடுத்தது, ஒரு பக்கமும் எழுதாதது. எழுதிக் காட்ட ஆரம்பித்தவன் காட்டாமலும் எழுதுகிறேன். வாய் மூடினால் கை அரிக்கிறது.

மே 7, புதன்

நொய்க்கஞ்சி. ஆறிய நொய்க்கஞ்சி. மாலையில் அதே கஞ்சி, இன்னும் ஆறியது.

டெல்பின் ஈஸ்டருக்கு வந்தாள். சென்னையில் மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை அதிகம், அதனால் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவாள். கல்யாணமாகி ஒன்றரை வருசத்தில் இவ்வளவு நாள் வந்து இருந்தது இதுதான் முதல் தடவை. பிள்ளை வீட்டில் இருந்தால் நல்லதுதானே.

அவள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நான் பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்தவன். ஏன் சுட்டது என்று எழுதிக் கேட்டேன். அந்தச் சில்லு காய்ந்து போனது, தண்ணீரைக் கண்டால் விடாது, பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், சேரும்போது சூட்டை வெளியே தள்ளும் என்றாள். கல்லுப்பு கரையும்போது தண்ணீர் லேசாகக் குளிருமாம், இது அதற்கு நேர் எதிராம். "ரெண்டும் உப்புதாம்ப்பா. ஆனா ஒங்க நாக்குக்கு ஒரு உப்புதான் தெரியும்" என்றாள்.

அவளே பேசி அவளே சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதை நான் கேட்கவில்லை.

மே 8, வியாழன்

ரோசலின் கக்கூஸ் தரையில் ஆசிட் ஊற்றினாள். சுண்ணாம்புக் கறை பட்ட மூலையில் நுரை பொங்கியது. டெல்பின் வாசலில் நின்று, "ம்மா, ஐஸ் கம்பெனிக்கு வேண்டிய கெமிக்கல நீங்க இங்கயே காய்ச்சுறிய" என்றாள். சுண்ணாம்பும் அந்த ஆசிட்டும் சேர்ந்தால் ஒரு வாயு நுரையாகப் போய்விடும், மீதித் தண்ணீரில் கரைந்து கிடப்பது கால்சியம் குளோரைடாம். ஒரு கால்சியம், இரண்டு குளோரின். கால்சியம் தன்னிடம் இருக்கும் எலெக்ட்ரானில் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடும், அப்புறம்தான் மூன்றும் ஒட்டி நிற்கும்.

நான் எழுதிக் காட்டினேன்: "கால்சியம் நான். குளோரின் நீயும் உன் அம்மாவும். உள்ளதைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்."

ரோசலின் அதை உரக்க வாசித்துவிட்டு, கொடுத்ததைப் பட்டியல் போடச் சொன்னாள்.

மே 9, வெள்ளி

கஞ்சி.

மே 10, சனி

கம்பெனியில் ஒரு கூத்து. உப்பு மூட்டை வந்தால் வாயைப் பிரித்து வைப்பது எங்கள் வழக்கம். காற்றுப்பட்டால் கல்லுப்பு உதிரியாக இருக்கும். அதே மாதிரி பிச்சையா புது மூட்டைகளில் மூன்றை வாயைப் பிரித்து வைத்திருக்கிறான். இன்று பார்த்தால் மூட்டை சுருங்கிக் கிடக்கிறது, தரையெல்லாம் தண்ணீர். அக்னி நட்சத்திர வெயிலில் கூரை ஒழுகுகிறது என்று ஏணி போட்டு ஏறி ஓட்டையைத் தேடினான். நான் வாய் பேச முடியாமல் கீழே நின்று வெவ்வேறு இடத்தைக் கைகாட்டினேன். இருவரும் வெகுநேரம் தேடினோம்.

வீட்டில் எழுதிக் காட்டியதும் டெல்பின் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சுமாம். உறிஞ்சி உறிஞ்சி, கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே தான் கரைந்துவிடுமாம். கடற்கரை ஊரில் வாயைத் திறந்து வைத்தால் கேட்க வேண்டுமா. திரும்பக் காய வைக்கலாமா என்று கேட்டேன். நெருப்பில் வைத்து வற்றவைக்கலாம், ஆனால் கடைசியாக ஒட்டியிருக்கும் ஈரம் லேசில் போகாது, ரொம்பச் சூடு வேண்டும் என்றாள்.

பிறகு சிரிப்பு நின்று, "இதெல்லாம் பேசி எவ்வளவு நாளாச்சுப்பா" என்றாள். நான் பென்சிலை எடுப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

மே 12, திங்கள்

கரைக்கும் வேலை. காலி டிரம்மில் உப்பைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரை முதலில் வைத்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும் என்று டெல்பின் காலையிலேயே சொல்லி அனுப்பினாள். எழுதிக் கொண்டுபோய்ப் பிச்சையாவிடம் காட்டினேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான், உப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். டிரம்மில் ஆவி கிளம்பியது. அடியில் கட்டி பாறையாகிவிட்டது. இரண்டு பேரும் கடப்பாரையால் இடித்தோம். முதுகு விட்டுப்போயிற்று.

மதியம் டெல்பின் கஞ்சி கொண்டுவந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டிரம்மின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். "எவ்ளோ சூடு" என்றாள், பூனைக்குட்டியைத் தொட்டவள் மாதிரி. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். வீட்டுக்குப் போ என்று நான் எழுதவில்லை.

மே 13, செவ்வாய்

ஒரு வாரம் ஆயிற்று. காலையில் யாரும் இல்லாதபோது ரசம் குடித்துப் பார்த்தேன். நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. குளியலறையில் "அருள் நிறைந்த மரியே" முழுசும் மெதுவாகச் சொன்னேன். எழுத்து எல்லாம் சரியாக விழுந்தது.

ஆனால் டாக்டர் ஒரு வாரம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் போல என்றார். அந்தப் 'போல'வுக்குள் எவ்வளவு நாளும் அடங்கும். உடம்பு விசயத்தில் அவசரம் கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் டெல்பின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலேஜில் அவள் கூடப் படித்த பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். களிம்பு போட்டுக்கொண்டே கேட்டேன்.

மே 15, வியாழன்

கம்பெனியில் மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். வேலை நடக்க வேண்டாமா. "வீட்டுல ஊமை, இங்க லவுட்ஸ்பீக்கராண்ணே" என்கிறான் பிச்சையா. வீட்டுப் பக்கம் வந்தால் காலை முறிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ராத்திரி தூக்கத்தில் நான் பேசினேனாம். ரோசலின் சொன்னாள். நன்றாகத் தெளிவாகப் பேசினேனாம். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் கேட்டு எழுதினேன்.

மே 16, வெள்ளி

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்தோம். அவள் கொடியிலிருந்து எடுத்துக் கொடுக்க, நான் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ப்பா, அவுக எங்கிட்ட பேசமாட்டாக" என்றாள்.

துணியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். முதலில் சாம்பாரில் உப்புக் கூடியதற்கு ஒரு வாரத்துக்கு மேல். பிறகு கிறிஸ்மஸ் முடிந்து பொங்கல் வரை. இந்த வருசம் ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் முழுக்க ஒரு சொல் இல்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. மாப்பிள்ளை பெவின் ஆபீஸ் ஆட்களிடம் போனில் சிரித்துப் பேசுவாராம். இவள் அடுப்புப் பக்கம் நிற்கும்போதே, "அம்மா, அவளைக் காபி போடச் சொல்லுங்க" என்பாராம். இவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். எதற்கென்று தெரியாமலே கேட்டிருக்கிறாள். அதற்கும் பதில் இல்லை.

"ஒருநா, நான் அந்த வீட்டுல இருக்கேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. வேணும்னே ஒரு கண்ணாடி டம்ளரக் கீழ போட்டேன். அவுக திரும்பிப் பாக்கல. அத்தைதான் வந்து பெருக்குனாக."

நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"நீங்க பேசுற நெலமையில இருந்தா இதுக்குள்ள மூணு தமாசு சொல்லி என்னக் கீழ அனுப்பிருப்பிய. அதான் இப்ப சொல்லுதேன்" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "பேச முடியாம இருக்கதுக்கும் பேசாம இருக்கதுக்கும் எனக்கு நல்லா வித்தியாசம் தெரியும்ப்பா. ஒங்க மூஞ்சியே பேசுது."

கீழே வந்து சட்டைகளை மடித்தேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ரோசலின் பிடுங்கி வைத்தாள்.

இரவு சாப்பிடவில்லை. நாக்கு வலி என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே எழுதி வைக்கிறேன். நாக்கு வலி.

மே 17, சனி

இன்று பேசிவிடலாம் என்று இருந்தேன். சட்னி காரம். நாளை பார்ப்போம்.

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சம்பந்தியம்மாள் போன். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வந்து டெல்பினை அழைத்துப் போகிறாராம், ராத்திரி வண்டிக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. மாப்பிள்ளை ஏன் அவளுக்கே போன் போட்டுச் சொல்லவில்லை என்று ரோசலின் கேட்கவில்லை. நான் கேட்கிற நிலைமையில் இல்லை.

அப்போதுதான் டெல்பின் தாயிடமும் சொன்னாள். என்னிடம் சொன்னதில் பாதிதான் சொன்னாள், அதுவும் தரையைப் பார்த்து.

"அடிச்சானா?" என்றாள் ரோசலின்.

"இல்ல."

"குடிக்கானா?"

"இல்லம்மா."

"பெறவென்னட்டி? பேசாத மாப்பிள கெடைக்கலையேன்னுதான் நான் இத்தன வருசமா ஏங்குதேன்."

நல்ல நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். டெல்பின் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள். ரோசலின் முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டாள். மகள் கொண்டுபோக.

மே 20, செவ்வாய்

மெதுவாகக் குணமாவது எப்படி என்று யோசித்தேன். முதல் நாள் 'ம்', மறுநாள் 'ம்மா', அப்புறம் ஒரு கொன்னல், அப்புறம் பேச்சு. கம்பெனியில் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று கொன்னிப் பார்த்தேன். பிச்சையா என்னை உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தான்.

மே 21, புதன்

தொட்டியை நிரப்பினோம். கரைசலை ஊற்ற ஊற்றத் தொட்டி பாலாக மாறியது. பிச்சையா பால் பொங்கினால் நல்ல சகுனம் என்றான். அண்ணாச்சி, "ஏல, காஸ்பாரு, கெமிக்கல்ல கலப்படம் பண்ணிட்டான்ல" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிச்சையாவை விட்டு டெல்பினுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தொட்டியை எதனால் கழுவினீர்கள் என்றாள். வாஷிங் சோடா. சரியாக அலசவில்லை. சோடாவும் இதுவும் சேர்ந்தால் மறுபடி சுண்ணாம்புத் தூள்தானாம், கரையாமல் வெள்ளையாக மிதக்குமாம். இரண்டு நாள் அடியில் படியட்டும், தெளிந்ததை வைத்துக்கொண்டு வண்டலை வாரிவிடுங்கள் என்றாள். அண்ணாச்சி போனை வாங்கி, "தாயி, நீ கம்பெனிக்கு வேலைக்கு வந்துரு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எத்தனை மணிக்கு வரணும் என்று அவள் கேட்டாளாம்.

மே 23, வெள்ளி

மிஷின் ஓடுகிறது. பெட்டியில் கிடந்த கண்ணாடிக் கருவியை எடுத்துத் துடைத்து மிதக்கவிட்டேன். என் நாக்குக்கு ஓய்வூதியம். சாதாரணத் தண்ணீர் உறையும் இடத்தையெல்லாம் தாண்டி இந்தத் தண்ணீர் கீழே கீழே போகிறது, உறையவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. நன்றாகக் கரைத்துவைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி வரைகூட உறையாதாம். கல்லுப்பு பாதி வழியிலேயே கையை விரித்துவிடும். முதல் பாளம் கண்ணாடி மாதிரி வந்தது. சொல்லி மகிழ வீட்டுக்கு வேகமாக நடந்தேன். வாசலில் நாக்கு ஞாபகம் வந்தது.

மே 24, சனி

டெல்பின் பெட்டி அடுக்கினாள். முறுக்கு டப்பாவுக்கு இடம் போதவில்லை. ரோசலின் அதைத் திணிப்பதற்காக உள்ளேயிருந்த புத்தகங்களை வெளியே எடுத்தாள். டெல்பின் எடுத்து மறுபடி உள்ளே வைத்தாள். முறுக்கு வெளியே நின்றது.

ரோசலின் கடைக்குப் போனதும் என் முன்னால் வந்து நின்றாள்.

"ப்பா, நான் போகவா?"

டைரியை எடுத்தேன். 'உன் இஷ்டம்' என்று எழுதி அடித்தேன். 'பொறுத்துப் பார்' என்று எழுதி அதையும் அடித்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில், 'மாப்பிள்ளை வரும்போது எனக்கு நல்லதாக ஒரு நாக்கு வாங்கி வரச் சொல்' என்று எழுதிக் காட்டினேன்.

வாசித்தாள். பஸ்ஸில் தெரியாத ஆளுக்கு இடம் விடும்போது சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள். "சரிப்பா" என்றாள். போய்ப் பெட்டியை மூடினாள்.

மே 25, ஞாயிறு

மாப்பிள்ளை காலை வண்டிக்கு வந்தார். குளித்து, பூசைக்கு வந்து, தெருவில் எல்லோரையும் விசாரித்தார். ஆப்பிள் ஒரு கிலோ, இனிப்பு ஒரு பெட்டி. நாக்கு எப்படி இருக்கிறது மாமா என்று அக்கறையாகக் கேட்டார். சாப்பாட்டில் மீன்குழம்பைப் புகழ்ந்தார். குழம்பு வைத்தவள் பரிமாறிக்கொண்டு நின்றாள். புகழ்ச்சி மட்டும் ரோசலினுக்குப் போயிற்று.

ரோசலின் இதைக் கவனிப்பதை நான் கவனித்தேன். அவள் வேண்டுமென்றே சமையலறைக்குள் போய் வெகுநேரம் இருந்தாள். கூடத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான். நான் வாசல் நாற்காலியில் இருந்தேன். டெல்பின், "இன்னும் சோறு வைக்கவா?" என்றாள். பதில் இல்லை. "மோரு தரட்டா?" என்றாள். மாப்பிள்ளை உள்பக்கம் திரும்பி, "அத்தை, மோர் இருந்தா குடுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் குளிராக இருந்தது.

ஆறரை மணிக்கு, டெல்பின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, "அத்தை, அவளக் கிளம்பச் சொல்லுங்க, வண்டிக்கு நேரமாகுது" என்றார்.

ரோசலின் கையில் முறுக்கு டப்பா. "இங்கனதான நிக்கா. நீங்களே சொல்லுங்களேன்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டு, "சொல்லிருங்க அத்தை" என்றார்.

"மாப்பிள" என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே வேறு யாரோ மாதிரி இருந்தது.

"அவ பேரச் சொல்லி ஒரு வார்த்த கூப்பிடுங்க. கூப்பிட்டா நானே பெட்டியத் தூக்கிட்டு ஸ்டேசனுக்கு வாறேன்."

"இது எங்களுக்குள்ள உள்ள விசயம் மாமா."

"சரி. அப்ப ஒங்களுக்குள்ளயே பேசுங்க. நாங்க வெளிய நிக்கோம்."

ரோசலினைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அவள் என் நாக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே டெல்பின் குரல் கேட்டது. என்ன கேட்டாள் என்று தெரியவில்லை, ஆனால் கேள்வி என்று தெரிந்தது. பிறகு ஃபேன் சத்தம். மறுபடி அவள் குரல், கொஞ்சம் உயர்ந்து. ஃபேன் சத்தம். மூன்றாவது தடவை மெதுவாக ஏதோ கேட்டாள். அதற்கும் ஃபேன்தான் பதில் சொன்னது.

மாப்பிள்ளை வெளியே வந்து செருப்பைப் போட்டார். "வாறேன் மாமா, வாறேன் அத்தை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பையோடு நடந்தார். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது தெருமுனை வரை கேட்டது.

உள்ளே போனோம். டெல்பின் பெட்டியைத் திறந்து புத்தகங்களை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். ரோசலின் முறுக்கு டப்பாவைத் திறந்து அவள் கையில் ஒன்றைக் கொடுத்தாள். "தின்னுட்டி" என்றாள். இரண்டு பேரும் நின்றபடியே தின்றார்கள்.

மே 26, திங்கள்

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ரோசலின் எடுத்துப் பதில் சொன்னாள். அவள் நாக்குக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆனதில்லை, கர்த்தருக்கு நன்றி. தெருவிலும் இரண்டு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள். இது இத்தோடு முடிகிற காரியமில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது டெல்பின் சோற்று டப்பாவைக் கொடுத்தாள். கஞ்சி இல்லை, சோறு.

"ஒங்க நாக்கு எப்பப்பா சரியாச்சு?" என்றாள்.

"நேத்துத்தான். வந்த கோவத்துல கட்டு அவுந்துட்டு."

சிரித்தாள். தெரியாத ஆளுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. "நல்ல நேரத்துலதான் அவுந்திருக்கு" என்று என் சட்டைப் பொத்தானைச் சரி செய்தாள். இனி சாயங்காலம் துணி எடுக்க வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றேன். தமாசு சொல்லக் கூடாது என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, மறந்துவிட்ட சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். சொல்வதற்கு அது இன்னொரு சந்தர்ப்பம். அதையும் விட்டேன்.

நாக்கு பதின்மூன்றாம் தேதியே ஆறிவிட்டது, மகளே. மாடியில் நீ அத்தனையும் சொன்ன சாயங்காலம், கூடையைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றவனும் பேச முடிந்தும் பேசாமல் இருந்தவன்தான்.